மதுரையிலிருந்து ஆஸ்லோவுக்கு: ஒன்றேகால் லட்ச ரூபாயில் ஆறு இரவு

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் சாதாரண ஓட்டலில் ஒரு வேளை சாப்பிட்டு எழுந்தால் 200 முதல் 300 குரோனர் வரை ஆகும். ஒரு குரோனருக்கு 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு வேளைக்கே 1,800 முதல் 2,700 ரூபாய் வரை ஆகிறது. அதே ஊரில் காடு, சிற்பப் பூங்கா, கோட்டை மைதானம், பெரிய நூலகம், குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. காரணம் எளிது: அங்கே ஆள்கூலி அதிகம். இன்னொருவர் உங்களுக்காகச் சமைத்தாலும், வண்டி ஓட்டினாலும், படுக்கை விரித்தாலும் விலை எகிறும். ஊர் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருப்பதற்கு விலை இல்லை. ஆகவே சமையல், நடை, படுக்கை விரிப்பு மூன்றையும் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளும்படி திட்டம் போடுங்கள். அதில் முக்கால்வாசி வேலை மதுரையில் இருக்கும்போதே முடிந்துவிடும்.

எப்போது போவது

சித்திரைத் திருவிழா முடிந்து, பள்ளி திறப்பதற்கு முன்னால், மே மாதத்தின் பின்பாதி நல்ல காலம். பகலில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் நிற்கும். அவ்வளவு நீளமான பகல் என்பதே சிக்கனக்காரருக்குப் பெரிய லாபம். செப்டம்பர் முதல் இரண்டு வாரமும் பரவாயில்லை.

மே 17 மட்டும் யோசித்து முடிவு செய்ய வேண்டிய நாள். 1814-இல் அரசியலமைப்பு கையெழுத்தான நாள் அது. கார்ல் யோகான் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்து அரண்மனை வரை போவதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. ஆனால் கடைகள் மூடியிருக்கும், தங்குமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பார்க்க ஆசை என்றால் அறையை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். இல்லையென்றால் மே 19-க்குப் பிறகு போய் இறங்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் விமான டிக்கெட் மலிவாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம். அப்போது பகல் ஆறு மணி நேரம்தான், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் வெளியில் இருப்பவை. வெளியில் நிற்க முடியாதபோது காசு கொடுத்து உள்ளே போக வேண்டிவரும், மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். இரவு வானில் வண்ணமாகத் தெரியும் வடக்கொளியைப் பார்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அது வழக்கமாகத் தெரிவது வெகு வடக்கே இருக்கும் ட்ரொம்ஸோ போன்ற ஊர்களில். அதற்குத் தனி விமானச் செலவு.

பாஸ்போர்ட்டும் விசாவும்

நம் ஆட்கள் அதிகம் தடுமாறுகிற இடம் பாஸ்போர்ட்டின் சர்நேம் கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் பலருக்கு அது காலியாக இருக்கிறது. விமான டிக்கெட் போடும் இடம் இரண்டு பெயர் கேட்கும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அதை நிரப்பச் சொல்லும். சிலர் கட்டத்தை நிரப்ப இன்ஷியலைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பொருந்தாமல் கவுன்டரில் நிற்கிறார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஐக்கிய அரபு அமீரகம் 2022 இறுதியிலிருந்து சுற்றுலா விசாவுக்கு ஏற்பதில்லை. வழியில் துபாயில் இறங்கி ஒரு நாள் சுற்றிப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு அங்கேயே தடை. எந்த வேலையும் தொடங்கும் முன்னால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பி வந்தபின் மூன்று மாதமாவது செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எனவே எடுக்க வேண்டியது ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மார்ச் வந்துவிட்டால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் சென்னை விசா மையத்தில் நேரம் கிடைப்பது கடினம். படிவத்தை நார்வே குடியேற்ற இயக்ககமான யுடிஐ-யின் இணையதளத்தில் நிரப்பிக் கட்டணத்தையும் அங்கேயே கார்டில் கட்டிவிட்டு, காகிதங்களோடு விசா விண்ணப்பம் வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்துக்கு நேரில் போக வேண்டும். கைரேகைக்காகத்தான் இந்த நேர்வரவு. ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்குக் கொடுத்த ரேகை 59 மாதம் வரை செல்லும். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் எதுவும் திரும்ப வராது. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும். சிக்கலானால் 45 நாள் வரை இழுக்கலாம்.

காகிதங்களில் இவை முக்கியம்: மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும், வியாபாரி என்றால் ஜிஎஸ்டி பதிவுச் சான்று, 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் ஏற்கும் பயணக் காப்பீடு. நாள் ஒன்றுக்கு 500 குரோனர் கையிருப்பு காட்ட வேண்டும் என்பது நார்வேயின் கணக்கு. ஆறு நாளுக்கு 27,000 ரூபாய்தான் வருகிறது என்று நிம்மதியடைய வேண்டாம். பயணச் செலவைத் தாங்கியும் கணக்கில் பணம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாட்டுத்தாவணி, கீழமாசி வீதிப் பக்கம் ரொக்கத்தில் வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பிக்கும் முதல் வாரத்தில் இரண்டு லட்சத்தைக் கொண்டுபோய்க் கணக்கில் போட்டால் அது கடன் வாங்கிக் காட்டிய பணம் போலவே தெரியும். நவம்பரிலிருந்தே வரவைக் கணக்கில் சிறுகச் சிறுகச் செலுத்தி வாருங்கள். நிலம், வீடு, கடை என்று ஊருக்குத் திரும்பி வரக் காரணம் காட்டும் ஆவண நகல்களும் உதவும்.

விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வாங்கக் கூடாது. அறையை இலவச ரத்து உள்ளதாகவும், விமானத்தை முன்பதிவு விவரமாகவும் காட்டினால் போதும்.

விமானம்

மதுரையிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் உண்டு. துபாயிலிருந்து ஆஸ்லோவுக்கும் உண்டு. இரண்டையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கத் தோன்றும். இதில் உள்ள ஆபத்து, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்பது. பெட்டியும் ஆஸ்லோ வரை தானாகப் போகாது. மொத்தப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் மூன்றிலிருந்தும் ஒரே தேதிக்கு விலை பாருங்கள். தோஹா, துபாய் வழியில் போகும் டிக்கெட் சீசனைப் பொறுத்து 55,000 முதல் 80,000 வரை இருக்கும். செவ்வாய், புதன் புறப்பாடு பெரும்பாலும் மலிவு.

இரண்டு எச்சரிக்கை. லண்டன் வழியாக மலிவு டிக்கெட் கிடைத்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே பிரிட்டனின் டிரான்சிட் விசா வேண்டும். ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அடுத்து, ஐரோப்பாவுக்குள் மலிவு விமானங்கள் 'ஆஸ்லோ டோர்ப்' என்று விற்கும் நிலையம் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பஸ் செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். உங்களுக்கு வேண்டியது ஆஸ்லோவின் முதன்மை விமான நிலையமான கார்டர்மோன்.

பிராங்பர்ட் போன்ற ஷெங்கன் ஊரில் விமானம் மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முகப் படமும் கைரேகையும் பதிகிறார்கள், முதல் முறை நேரம் பிடிக்கும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியில் டிக்கெட் போட வேண்டாம்.

சென்னை வரைக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போதும். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். நான்கே நிறுத்தம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். அந்த நாளைக் குறித்து வையுங்கள்.

இறங்கியதும்

கார்டர்மோனிலிருந்து ஊருக்குள் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இறங்கியவுடன் கண்ணில் படுவது ஃப்ளீடோகெ என்ற விரைவு ரயிலின் விளம்பரம். அதைக் கடந்து வீ நிறுவனத்தின் வட்டார ரயில் இயந்திரத்துக்குப் போங்கள். விரைவு ரயில் எடுக்கும் நேரத்துக்கும் இதற்கும் ஐந்து நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. விலையோ ஏறத்தாழ பாதி, சுமார் 130 குரோனர். போக வர ஒருவருக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். வாடகைக் காரைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஊருக்குள் மெட்ரோ, டிராம், பஸ், தீவுப் படகு எல்லாவற்றுக்கும் ரூட்டர் நிறுவனத்தின் ஒரே டிக்கெட். ஆஸ்லோ நகரம் முழுவதும் முதலாம் மண்டலத்தில் அடங்கிவிடும். ஒற்றை டிக்கெட் சுமார் 44 குரோனர். மூன்று 24 மணி டிக்கெட்டைக் கூட்டினால் வருவதைவிட 7 நாள் டிக்கெட் குறைவு. எனவே மூன்று நாள் தங்கினாலும் 7 நாள் டிக்கெட்டையே வாங்குங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். பரிசோதகர் வருவார். அபராதம் ஆயிரம் குரோனர் அளவில் இருக்கும்.

தங்குமிடம்

ஹாஸ்டலில் பொது அறைப் படுக்கை 350 முதல் 500 குரோனர். இருவர் அறை 900-க்கு மேல். மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் தனி அறையே ஆளுக்குக் கணக்கில் ஒத்து வரும். அன்கர், ஹரால்ட்ஸ்ஹைம் இரண்டும் பலர் தங்கும் ஹாஸ்டல்கள். சிட்டிபாக்ஸ் வரவேற்பு ஆட்களைக் குறைத்து நடத்தும் ஓட்டல்.

பதிவு செய்யும் முன்னால் நான்கு விஷயம் கேளுங்கள். சமையலறை இருக்கிறதா? பாத்திரம் உண்டா? சில இடங்களில் அடுப்பு மட்டும் இருக்கும். படுக்கை விரிப்பு விலையில் சேர்ந்ததா? பெரும்பாலும் தனிக் கட்டணம், உங்கள் சொந்த விரிப்பும் தலையணை உறையும் கொண்டுபோனால் அது மிச்சம். பல இடங்களில் தூக்கப் பைக்கு அனுமதி இல்லை என்பதால் பருத்தி விரிப்பே பாதுகாப்பு. கடைசியாக, மெட்ரோ நிலையம் எவ்வளவு தூரம்? கையில் 7 நாள் டிக்கெட் இருக்கும்போது நகர மையத்திலிருந்து 15 நிமிடம் தள்ளி இருந்தாலும் ஒன்றும் நட்டமில்லை.

சாப்பாடு

மொத்தச் செலவையும் தூக்குவதோ தாழ்த்துவதோ இதுதான். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் நாளுக்கு 500 குரோனர் எளிதாகப் போகும். சமைத்தால் 150-இல் முடியும்.

ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டியவை: இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, கெட்டி அவல், சாம்பார்ப்பொடி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய். எண்ணெயும் புளிக்காய்ச்சலும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். அரிசி சுமக்க வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பின்புறம் குரோன்லாண்ட் பகுதியில் ஆசிய மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி, துவரம்பருப்பு, பச்சைமிளகாய், காய்கறி எல்லாம் அங்கே பெரிய கடைகளைவிட மலிவு.

கொண்டுபோகக் கூடாதவை: பால், இறைச்சி சேர்ந்த எதுவும். நெய், பன்னீர், பால்பவுடர், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் இதில் வரும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர் இவற்றைக் கொண்டுவர அனுமதி இல்லை. நெய்யில் வறுத்துச் செய்த பொடியும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக் கட்டையும் விட்டுவிடுங்கள்.

கிவி, ரேமா 1000, கூப் எக்ஸ்ட்ரா மூன்றும் மலிவு சூப்பர்மார்க்கெட்டுகள். கிவியில் 'ஃபர்ஸ்ட் பிரைஸ்', கூப்பில் 'எக்ஸ்ட்ரா' என்ற சொந்தப் பெயர் போட்ட ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, தயிர் எடுங்கள். நார்வேசன், செவன் இலெவன் போன்ற மூலைக் கடைகளில் அதே பொருள் இரட்டை விலை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அனேகமாக மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் திங்கள் காலை வரைக்குமான சாமான் வாங்கி வைக்க வேண்டும். இதை மறந்தவர்கள்தான் ஞாயிறன்று 200 குரோனர் சாப்பாட்டில் போய் மாட்டுகிறார்கள்.

தாளிக்கும்போது கவனம். மிளகாய் கருகும் புகைக்கு ஹாஸ்டல் அலாரம் அடிக்கும், தீயணைப்பு வண்டி வரும், அந்தச் செலவு ஆயிரக்கணக்கான குரோனரில் உங்கள் தலையில் விழலாம். கடாயை மூடித் தாளியுங்கள், புகைபோக்கி விசிறியை முதலில் போடுங்கள், மிளகாய் வற்றலைக் கடைசியில் சேருங்கள். அறைக்குள் சமைப்பது எங்கும் தடை. நம் கெட்டிலின் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இரண்டு உருண்டை முனை பிளக் பொருந்தும். மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட்.

மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போங்கள். நார்வேக்காரர்களே ரொட்டியைக் காகிதத்தில் மடித்து அலுவலகத்துக்கும் மலைக்கும் எடுத்துப் போகிறவர்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடக் கூச்சப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலை ஒருபோதும் வாங்காதீர்கள், குழாயில் பிடியுங்கள். குளிர்பானம் வாங்கினால் காலிப் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டு 2 அல்லது 3 குரோனர் வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுங்கள்.

என்ன பார்ப்பது

விகெலாண்ட் பூங்காவுக்கு அரை நாள் கொடுங்கள். குஸ்தாவ் விகெலாண்டின் 200-க்கு மேற்பட்ட சிற்பங்கள், எந்நேரமும் திறப்பு, கட்டணம் இல்லை. நடுவில் நிற்கும் கருங்கல் தூண் ஒரே கல்லில் 121 மனித உருவங்களைச் செதுக்கியது, 14 மீட்டர் உயரம். கல்மண்டபங்களுக்கு நடுவில் வளர்ந்த நமக்கு அதன் முன்னால் நிற்கும்போது கைவேலையின் அருமை உடனே பிடிபடும். காலை எட்டு மணிக்கு முன் போனால் கூட்டம் இல்லை.

2008-இல் திறந்த ஆப்பெரா மாளிகையின் சரிவான கூரை மீது நடந்து ஏறலாம். பக்கத்திலேயே 2020-இல் திறந்த டைக்மன் நூலகம்: மழை பெய்தால் ஒதுங்க, போன் சார்ஜ் போட, கழிப்பறை போக நல்ல இடம். ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள். ஆகெர்ஸ்ஹூஸ் கோட்டை மைதானம், டோயன் தாவரவியல் பூங்கா, ஏகெபெர்க் சிற்பப் பூங்கா, டிசம்பர் 10-இல் அமைதி நோபல் பரிசு வழங்கும் நகரமன்ற மண்டபம் எல்லாம் இலவசம். நகரமன்றத்துக்கு அருகிலிருந்தே தீவுப் படகு கிளம்புகிறது. ஹூவெடோயா தீவில் 1147-இல் கட்டத் தொடங்கிய மடாலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. உங்கள் 7 நாள் டிக்கெட்டே படகுக்கும் செல்லும். மெட்ரோ 5-ஆம் தடத்தின் கடைசி நிலையம் சோங்ஸ்வான், இறங்கினால் ஏரியும் காடும்.

அதே 5-ஆம் தடத்தில் எதிர்த் திசையில் அம்மெருட் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத் தமிழர்கள் கட்டிக் காக்கும் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்காரர்கள் போகாமல் வர மாட்டார்கள். பூசை நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்துப் போக வேண்டியவை இரண்டு போதும். 2022-இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின் 1893-ஆம் ஆண்டு 'அலறல்' ஓவியம் இருக்கிறது. சுமார் 200 குரோனர், 18 வயதுக்குக் கீழ் இலவசம். துருவப் பயணக் கப்பலுக்குள்ளேயே ஏறிப் பார்க்கும் ஃப்ராம் அருங்காட்சியகம் இன்னொன்று, பஸ் 30-இல் போகலாம். அதே பகுதியில் இருந்த வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் புதுக் கட்டடத்துக்காக 2022-இல் மூடப்பட்டது. மறுதிறப்பு 2027 என்று அறிவித்திருக்கிறார்கள், பழைய வழிகாட்டிகளை நம்பிப் போய்ப் பூட்டுக்கு முன்னால் நிற்க வேண்டாம். ஆஸ்லோ பாஸ் என்ற அட்டை ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம் ஓடிப் பார்க்கிறவருக்குத்தான் லாபம்.

கார்டும் கம்பளியும்

ரொக்கம் அனேகமாகத் தேவைப்படாது. ரூபே கார்டை நம்பிப் போகக் கூடாது, விசா அல்லது மாஸ்டர்கார்டு இரண்டு வெவ்வேறு வங்கியில் இருக்கட்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி செயலியில் கிளம்பும் முன்னால் திறந்துவிடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டு எடுத்தால் அதில் நார்வே குரோனர் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். யூரோ மட்டும் ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் மாற்றுக் கட்டணம் வெட்டும். கடை இயந்திரம் 'ரூபாயிலா, குரோனரிலா' என்று கேட்டால் எப்போதும் குரோனர். ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றுவார்கள். ஓடிபி வருவதற்காக நம் சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்கட்டும்.

மே மாதத்துக்குத் தடித்த கம்பளிக் கோட்டு வேண்டாம். உள்ளே தெர்மல், நடுவில் கொடைக்கானல் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். அந்த மூன்றாவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். போதாவிட்டால் ஆஸ்லோவில் ஃப்ரெட்டெக்ஸ் என்ற பழைய துணிக்கடைகளில் பாருங்கள்.

கணக்கு

ஒருவருக்கு ஆறு இரவு: படுக்கை 2,700 குரோனர், சாப்பாடு 900, ஏழு நாள் டிக்கெட் சுமார் 360, விமான நிலைய ரயில் 260, இரண்டு அருங்காட்சியகம் 400, சில்லறைச் செலவு 380. ஆக மொத்தம் 5,000 குரோனர், 45,000 ரூபாய். இதோடு விமானம் 65,000, விசாவும் சேவைக் கட்டணமும் 12,000, காப்பீடு 1,500, சென்னைக்கு இரண்டு தடவை போய் வர 3,000. கூட்டினால் 1,26,500 ரூபாய்.

இதில் பாதிக்கு மேல் விமானம். ஆகவே செலவைக் குறைக்க நாளைக் குறைக்காதீர்கள். டிக்கெட் வாங்கியபின் கூடுதலாக ஒரு நாள் தங்குவது படுக்கை, சமையல் சாமான் இரண்டும் சேர்ந்து 600 குரோனர், 5,400 ரூபாய்தான். குறைக்க வேண்டியது டிக்கெட் விலையை. அதற்குத் தேதியை இரண்டு நாள் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், மூன்று ஊர் விலையையும் ஒப்பிடுங்கள், விசா வந்த அன்றே வாங்குங்கள்.